ஓடிபி வராத ஸ்பிரின்ட்: வேலை தொடங்குமுன் அஜைல் குழுக்கள் செய்யும் தவறுகள்

அஜைல் முறையில் மென்பொருளைச் சிறு சிறு தவணைகளாகச் செய்வார்கள், ஒரு தவணைக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். எங்கள் பத்து வேலை நாள் ஸ்பிரின்டில் ஒன்பதாம் நாள் மாலை. ‘மொபைல் எண்ணைக் கொடுத்து ஓடிபி மூலம் லாகின் செய்வது’ என்ற ஸ்டோரியை (பயனருக்குத் தேவையான ஒரு சிறு வேலை), வேலைகளைக் கண்காணிக்கும் ஜிராவில் ‘டன்’ (முடிந்தது) கட்டத்துக்கு இழுத்துவிட்டு, எங்கள் டெவலப்பர் கேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் டெஸ்டர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, எனக்கு இன்னும் ஓடிபி வரலையே?”

“வராதும்மா. சர்வர் லாக்ல நம்பர் இருக்கும், அதை எடுத்துப் போட்டுக்கோ.”

அவர் சொன்னது பொய் இல்லை. கோட் சரியாகத்தான் ஓடியது. எஸ்எம்எஸ் வெளியே போவதற்கான ஏற்பாடுதான் எங்கும் இல்லை. மறுநாள் டெமோவில் கிளையன்ட் தன் போனை எடுத்து, சொந்த எண்ணை அடித்துவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் அவரோடு காத்திருந்தோம்.

இந்தியாவில் ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி நிறுவனத்தைப் பதிய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிய வேண்டும், அனுப்பப்போகும் செய்தியின் வாசகத்தையும் டெம்ப்ளேட்டாகப் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நின்றுவிடும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பை முழுமையாக அமல்படுத்தியபோது நாடு முழுக்க வங்கி ஓடிபிகளே வராமல் போய், மறுநாளே டிராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது. அப்படிப்பட்ட விஷயத்தைத்தான் நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் முதல் ஸ்பிரின்டுக்கு முன் மூன்று வாரம் ‘தயாரிப்பு’ என்று உட்கார்ந்திருந்தோம்.

அந்த மூன்று வாரம் சும்மா இருந்தோமா என்றால், இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டோரிகள் எழுதினோம். சீட்டுக் காட்டி எல்லாவற்றுக்கும் பாயின்ட் (எவ்வளவு பெரிய வேலை என்ற மதிப்பீடு) போட்டோம். ஜிரா போர்டில் பதினொரு கட்டம் வைத்து, எந்தக் கட்டத்திலிருந்து எதற்கு யார் நகர்த்தலாம் என்று இரண்டு நாள் வாதாடினோம். எல்லாமே எங்கள் கையில் இருந்த வேலைகள். அடுத்தவர் கையில் இருந்த வேலையை யாரும் தொடவில்லை. நான் பார்த்த வரையில், வேலை தொடங்குமுன் குழுக்கள் செய்கிற முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதன் கிளைகள்.

எழுதத் தப்பிய ஸ்டோரியை இரண்டாம் ஸ்பிரின்டில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் டிஎல்டி பதிவுக்குக் கிளையன்ட்தான் தன் ஆவணங்களோடு போக வேண்டும். நாம் இரவு முழுக்க விழித்திருந்தாலும் அது நகராது. இதே வகையில் இன்னும் சில இருக்கின்றன. கூகுள் பிளேயில் நிறுவனத்தின் பெயரில் கணக்குத் திறக்க டன்ஸ் எண் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் எண்) வேண்டும். ஆப்பிளும் அதைக் கேட்கும். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் செயலியை எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும் (முதலில் 20 பேர் என்று இருந்தது). பேமென்ட் கேட்வேக்குக் கேஒய்சி. கிளையன்ட் பக்கத்து விபிஎன். டெஸ்ட் சர்வருக்கு ஃபயர்வால் திறப்பு. இதற்கெல்லாம் முதல் நாளே ஒரு தாள் போதும்: என்ன வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் எத்தனை நாளாகும், நம் பக்கம் யார் துரத்துவது. ‘யார் துரத்துவது’ என்ற இடத்தில் ‘டீம்’ என்று எழுதாதீர்கள். ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள்.

இந்தத் தயாரிப்புக் காலத்தை நம் கம்பெனிகளில் ‘ஸ்பிரின்ட் சீரோ’ என்பார்கள். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு, ஸ்க்ரம் கைட்டில் அப்படி ஒன்று கிடையாது. ஒரு மாதத்துக்கு மேற்படாத ஸ்பிரின்டுகள், ஒவ்வொன்றிலும் பயன்படுத்தக்கூடிய ஏதோ ஒன்று வெளிவர வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. பெயரைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. ஆனால் சீரோவுக்கு முடிவுத் தேதி வைக்காமல் விடுகிறார்களே, அது தவறு. இரண்டு வாரம் ஆறு வாரமாகும், ஆர்க்கிடெக்சர் டாக்குமென்ட் எண்பது பக்கமாகும், ஒரு வரி கூட சர்வருக்குப் போயிருக்காது.

தயாரிப்பு முடிந்ததா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்று உண்டு. அஜைல் முன்னோடிகளில் ஒருவரான அலிஸ்டர் காக்பர்ன் அதை ‘நடக்கும் எலும்புக்கூடு’ என்றார். சதை இல்லாவிட்டாலும் தலை முதல் கால் வரை ஓடுகிற ஒரு மெல்லிய அமைப்பு. ஒரு திரை, ஒரு பொத்தான், டேட்டாபேஸில் ஒரு வரிசை. அது டெவலப்பர் லேப்டாப்பிலிருந்து கிளம்பி, ரிவியூ தாண்டி, பில்டாகி, டெஸ்ட் சர்வரில் ஏறி, டெஸ்டர் கைக்கு வர வேண்டும். எங்கள் விஷயத்தில் அது ஒரே ஒரு ஓடிபி, ஒரே ஒரு உண்மையான போனுக்கு. முதல் வாரத்திலேயே அதை முயன்றிருந்தால் டிஎல்டி என்ற மூன்றெழுத்து முதல் வாரத்திலேயே காதில் விழுந்திருக்கும். பதினொரு கட்டத்துக்கு வாதாடியதற்குப் பதில் இதைச் செய்திருக்கலாம்.

ஸ்டோரிகளை மொத்தமாக எழுதிக் குவிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு, மூன்று ஸ்பிரின்டுக்கு விவரமாக, மற்றதெல்லாம் ஒற்றை வரியாக இருந்தால் போதும். நாங்கள் எழுதியதில் பெரும்பங்கு முதல் டெமோவுக்குப் பிறகு மாறியது.

அடுத்தது பிராடக்ட் ஓனர், அதாவது எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்பவர். நம் ஊர் சர்வீஸ் கம்பெனிகளில் இது தனிக் கதை. கிளையன்ட் பக்கத்துப் பெரியவருக்கு நேரமிருக்காது. நம் பக்கத்து பிசினஸ் அனலிஸ்டை ‘ப்ராக்ஸி’ என்று உட்கார வைப்பார்கள். அவர் பாவம், எதற்கும் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. ஓடிபியை மறுபடி அனுப்பும் பொத்தான் 30 விநாடியில் வர வேண்டுமா, 60-லா என்று ஒரு கேள்வி. அனலிஸ்ட் மெயில் போட்டார். அங்கே நான்கு பேர் சிசியில். பதில் வர மூன்று வேலை நாள். ஸ்பிரின்டே பத்து நாள்தான். பிராடக்ட் ஓனர் என்பவர் ஒரு ஆள், குழு அல்ல என்று ஸ்க்ரம் கைட் வெளிப்படையாகவே சொல்கிறது. கிக்-ஆஃப் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: “இந்த ஃபீச்சர் வேண்டாம்னு யார் சொல்லலாம் சார்?” சட்டென ஒரு பெயர் வராவிட்டால் முதல் ஸ்பிரின்டைத் தள்ளிவைப்பது மேல். கிளையன்ட் லண்டனில் இருந்தால் நேரத்தையும் அப்போதே பேசிவிட வேண்டும். கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. மார்ச்சிலும் அக்டோபரிலும் மீட்டிங் நேரம் குழம்பாத புராஜெக்டை நான் பார்த்ததில்லை.

‘டன்’ என்றால் என்ன என்று முன்கூட்டியே பேசாததுதான் அந்த ஒன்பதாம் நாள் மாலையின் இன்னொரு பாதி. டெவலப்பருக்கு அது கோட் மெர்ஜ் ஆனது. டெஸ்டருக்குத் தன் போனில் வந்தது. கிளையன்டுக்கு அவர் போனில் வந்தது. மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். இதற்கு அரைப் பக்கம் போதும். ஆனால் அந்த அரைப் பக்கத்தை டெஸ்டரும் உட்கார்ந்து எழுத வேண்டும். பல இடங்களில் டெஸ்டரை இரண்டாம் ஸ்பிரின்டில்தான் சேர்க்கிறார்கள், பில்லிங்கை மிச்சப்படுத்த. ‘இதை எதை வைத்துச் சோதிப்பேன்?’ என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் வெளியில் நிற்க, உள்ளே இருப்பவர்கள் எஸ்டிமேட் போடுகிறார்கள்.

எஸ்டிமேட் என்றதும் அந்தக் கிக்-ஆஃப் பிபிடி நினைவுக்கு வருகிறது. ஒருவரோடு ஒருவர் வேலையே செய்திராத ஆட்கள், ‘ஸ்பிரின்டுக்கு 40 பாயின்ட்’ என்று மூன்றாம் ஸ்லைடில் எழுதியாயிற்று. வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரின்டில் குழு முடிக்கும் பாயின்ட், ஓடிய பிறகு அளப்பது. ஓடுமுன் வாக்குக் கொடுத்தால் குழு அடுத்த ஸ்பிரின்டிலிருந்து பாயின்டை வீங்கவைக்கக் கற்றுக்கொள்ளும். ஸ்டோரி பாயின்டைத் தானே கண்டுபிடித்திருக்கக்கூடும் என்று சொல்லும் இன்னொரு அஜைல் முன்னோடி ரான் ஜெஃப்ரீஸே, அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறார். முதல் ஸ்பிரின்டுக்குப் பாயின்டே வேண்டாம். நான்கைந்து ஸ்டோரிகளை எடுத்து, முடிகிறதா என்று பாருங்கள்.

அதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள், நிஜமாக. தாளில் எட்டுப் பேர் இருப்பார்கள். அதில் இருவர் ‘50 சதவீத அலொகேஷன்’. அதாவது இன்னொரு புராஜெக்டில் முழு ஆள், இங்கே தினசரி ஸ்டாண்டப் கூட்டத்தில் மட்டும் முகம். ஒருவர் நோட்டீஸ் பீரியடில். ஒருவருக்கு லேப்டாப் வரவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம் தொடங்கினால் பொங்கல். பேருந்து டிக்கெட்டை எப்போதோ எடுத்து வைத்திருப்பார்கள், உங்கள் ஸ்பிரின்ட் பிளானுக்காக யாரும் அதைக் கேன்சல் செய்யப்போவதில்லை. செய்யவும் கூடாது.

எங்கள் ஓடிபி மூன்றாவது ஸ்பிரின்டின் நடுவில் ஒரு மதியம் வந்தது. டெஸ்டர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எல்லோரும் கூடிப் பார்த்தோம். ஆறு இலக்கம், சரியாகத்தான் இருந்தது. கீழே கிளையன்ட் நிறுவனத்தின் பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. டெம்ப்ளேட்டில் அப்படியேதான் பதிந்து ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். திருத்த வேண்டுமானால் மறுபடி விண்ணப்பம்.