வைஃபையிடம் தோற்ற கேபிள்

வீட்டு நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைந்த ஸ்டோரேஜ்) ஃபைல் ஏற்றும்போது கேபிளை விட வைஃபை வேகமாக இருந்தது. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டிப் பார்த்தேன். வைஃபையில் சுமார் 550 எம்பிபிஎஸ், கேபிளில் 94.

அந்த 94தான் காட்டிக்கொடுத்தது. ஈதர்நெட்டில் ஒரு முழு ஃப்ரேம் (ஒரு தடவையில் போகும் டேட்டாப் பொட்டலம்) கம்பியில் பிடிக்கும் இடம் 1538 பைட். அதில் நம் டேட்டா 1448, அதாவது 94 சதவீதம். அப்படியென்றால் லிங்க் கிகாபிட்டில் (1000 எம்பிபிஎஸ்) இல்லை, 100-இல் நிற்கிறது. லிங்க் வேகத்தைக் காட்டும் ஈத்டூலும் அதையே சொன்னது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். சுவர் சாக்கெட்டைக் கழற்றினால், நீல ஜோடியில் ஒரு கம்பி பள்ளத்துக்குள் இறங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிறது! பஞ்ச் டவுன் டூலால் ஓர் அழுத்து, 941 வந்துவிட்டது.

வைஃபை லிங்க் 866 என்று காட்டிவிட்டு 550 தருவது கோளாறு இல்லை. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். முறைக்குக் காத்திருப்பதிலேயே நேரம் போகிறது.

ஃப்ரேமை 9000 பைட் அளவுக்குப் பெரிதாக்கும் ஜம்போ ஃப்ரேம் வைத்தால் கேபிள் 99 சதவீதத்தைத் தொடும். ஆனால் ஸ்விட்ச் உட்பட எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். மிச்சம் 5 சதவீதத்துக்காக அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை.