முதல் ஹேண்டிகேப்புக்கு ஒரு தடவைக்கு 9 குழி போதும்

புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ சென்னைக்குப் போய் கோல்ஃப் ஆடுகிறீர்களா? முதல் ஹேண்டிகேப்புக்காக (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) முழு நாள் ஒதுக்க வேண்டாம். ஒன்பது ஒன்பது குழியாக ஆடி ஸ்கோர் கார்டு கொடுங்கள். விடியற்காலையில் ஈசிஆரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி மொத்தம் 54 குழிகளின் ஸ்கோர் சேர்ந்தால் போதும், அதை ஒன்பதாகவும் சேர்க்கலாம், பதினெட்டாகவும் சேர்க்கலாம். "ஆட்டம் தேறட்டும், அப்புறம் கார்டு கொடுக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை. மூன்று 18 குழி ஸ்கோர் இருந்தால் அவற்றில் நல்லதை மட்டும் எடுத்து, அதிலும் 2 கழித்துத்தான் கணக்கிடுகிறார்கள். இன்னொன்று: முதல் ஹேண்டிகேப் வரும்வரை ஒரு குழிக்கு பார் (அந்தக் குழிக்கென வகுத்த அடிக்கணக்கு) கூட்டல் 5 தான் உச்சம். பார் 4 குழியில் மணலுக்குள் நின்று பதினோராவது அடிக்குக் குறி பார்ப்பது வீண். பந்தைக் கையில் எடுத்து, கார்டில் 9 என்று எழுதிவிட்டு நடையைக் கட்டுங்கள். பின்னால் வருகிறவர்களும் வாழ்த்துவார்கள்.

தனியாக ஆடியது கணக்கில் சேராது. கூட ஆடியவர் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். பந்தை எடுக்கும் சலுகை எல்லாக் கிளப் போட்டியிலும் செல்லும் என்று சொல்ல முடியாது: ஒவ்வொரு குழிக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு என்றால் எடுக்கலாம், அந்தக் குழிக்குப் புள்ளி கிடைக்காது, அவ்வளவுதான். மொத்த அடிகளை எண்ணும் வழக்கமான ஸ்ட்ரோக் பிளேயில் ஒரு குழியை முடிக்காமல் விட்டாலும் தகுதி நீக்கம். ஆகவே முதல் போட்டிக்கு ஸ்டேபிள்ஃபோர்டில் பெயர் கொடுங்கள்.