சாம்பலுக்கு மேல் சாம்பல்

போன மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் தம்பி பெருமையாகச் சொன்னார்: "சார், சிமெண்டில் கால் பங்கைக் குறைத்துவிட்டு ஃபிளை ஆஷ் போடுகிறோம்." ஃபிளை ஆஷ் என்றால் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல். மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: ஏற்கெனவே சாம்பல் கலந்த சிமெண்ட், பி.பி.சி. என் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது.

கான்கிரீட்டில் சாம்பல் சேர்க்கும்போது நடக்கும் தவறுகளில், எடை போடாமல் சட்டிக் கணக்கில் கொட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டு தளம் போட்டால் அவை தானே புரியும்.

பி.பி.சி.யில் மறுபடி சாம்பல்

பி.பி.சி.யில் ஆலையிலேயே சாம்பல் கலந்திருக்கிறது. இந்தியத் தர விதிப்படி 15 முதல் 35 சதவீதம் வரை. 35 உள்ள மூட்டையில் கால் பங்கை எடுத்துவிட்டுச் சாம்பல் போட்டால், கலவையில் பாதி சாம்பலாகிவிடும். சாம்பல் தானாக இறுகாது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது விடும் சுண்ணாம்பைத் தின்றுதான் பசையாகிறது. சிமெண்ட் குறைந்தால் அந்தத் தீனியும் குறையும். பழைய மதுரை வீடுகளில் சுண்ணாம்போடு செங்கல் பொடியை இடித்ததும் இதே கணக்குத்தான். சுண்ணாம்பு இல்லாமல் செங்கல் பொடியை மட்டும் யாரும் இடிக்கவில்லை.

நான் இடித்தேன், பி.பி.சி.யில் மறுபடி சாம்பல் போட்டு. மேலூர் சாலையில் கடன் வாங்கிக் கட்டிய ஒருவரின் வீடு. கலவை வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது; கொத்தனாரே மெச்சினார். சாம்பல் துகள்கள் உருண்டையானவை, அந்த வழுவழுப்பு அதனால் வருவது. அதில்தான் மயங்கினேன். பத்தாம் நாள் ஓரப் பலகையைக் கழற்றிக் கரணை நுனியால் சுரண்டினால், ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. முட்டுகளைத் தொடாமல் 28ஆம் நாள் வரை காத்திருந்தோம். அதே கலவையில் வார்த்து வைத்த சோதனைக் கட்டியான கியூப், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டியது, 11இல் நொறுங்கியது. தளத்தை உடைத்து அள்ளிய செலவு முழுக்க என் பையிலிருந்து போனது.

வேலையிடத்தில் சாம்பல் கலப்பதென்றால் சாம்பல் சேராத சாதாரண சிமெண்டான ஓ.பி.சி. மட்டும்தான். அதையும் கியூப் போட்டுப் பார்த்த பிறகு.

ஏழு நாளில் தண்ணீரை நிறுத்துவது

சாம்பலோ இரும்பு உலைக்கசடோ கலந்தால் கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைக்க வேண்டும், 14 ஆனால் நல்லது என்கிறது இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456. சித்திரை வெயிலில் நான் 14க்குக் குறைத்ததில்லை.

கிடைத்த சாம்பலை அள்ளுவது

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலே ஆனாலும், புகைபோக்கி வழியில் பிடித்த உலர்ந்த மாவு வேறு, குளத்தில் வாரிய ஈரச் சாம்பல் வேறு. அரிசி ஆலைக் கருஞ்சாம்பலில் எரியாத கரி அதிகம், தண்ணீரைக் குடித்துவிடும்.

சிலிக்கா ஃபியூம்

சிலிக்கான் உலைப் புகையில் பிடிக்கும் மிக நுண்ணிய தூள் இது. மாடி வீட்டுத் தளத்துக்கா? வேண்டாம்.