ரிக்கோ ஜிஆர் 3: தெருவில் ஃபோகஸுக்குக் காத்திருக்க வேண்டாம்

ஓடிவரும் குழந்தையைப் படம் பிடிக்கப் போனால், ஆட்டோஃபோகஸ் நிதானமாகத் தேடி முடிப்பதற்குள் குழந்தை ஃபிரேமைத் தாண்டிவிடும். இதற்கு ரிக்கோ ஜிஆர் 3 கேமராவில் அருமையான வழி இருக்கிறது: ஃபுல் பிரஸ் ஸ்னாப். மெனுவில் அதை ஆன் செய்து, ஸ்னாப் தூரத்தை 2.5 மீட்டராக வையுங்கள். மோடு டயலை, லென்ஸ் துளையின் அளவை நாமே தேர்ந்தெடுக்கும் ஏவி முறைக்குத் திருப்புங்கள் (லாக் பட்டனை அழுத்தினால்தான் திரும்பும். பையிலிருந்து எடுக்கும்போது தானாக மாறாதிருக்க நல்ல ஏற்பாடு). முன் டயலைச் சுழற்றித் துளையைச் சிறிதாக, எஃப்8-இல் வைத்தால் போதும்.

இனி ஷட்டரைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஃபோகஸ் நேராக 2.5 மீட்டரில் போய் நிற்கும். 28 மி.மீ.க்குச் சமமான அகலக் கோணம் என்பதால், சுமார் 1.2 மீட்டருக்கு அப்பால் எல்லாமே ஓரளவு தெளிவாகவே விழும். நிதானமாக எடுக்கும்போது பாதி அழுத்தினால் வழக்கமான ஆட்டோஃபோகஸ். எதையும் மாற்ற வேண்டியதில்லை, விரல் ஒன்றே போதும்!

வெளிச்சம் குறைந்து, துளையை அகலமாக்கி எஃப்2.8-க்கு வந்தால் மட்டும் கவனம். தெளிவு கிட்டத்தட்ட 1.8 முதல் 4 மீட்டருக்குள் சுருங்கிவிடும். அப்புறம், இந்த அமைப்பை, நம் சொந்த அமைப்புகளுக்காக மோடு டயலில் உள்ள யு1-இல் சேமித்துவிடுங்கள்.