ஆண்டர்சன் பதுங்குகுழி அமைக்கும் முறை: பிரிட்டன், 1939

விமானக் குண்டுவீச்சிலிருந்து தப்ப, வளைந்த நெளிதகடுகளை மண்ணில் பாதி புதைத்து அமைக்கும் சிறு அறைதான் ஆண்டர்சன் பதுங்குகுழி. முதலில் வீட்டுத் தோட்டத்தில் நான்கடி ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். உள்ளளவு ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம். வேலை செய்ய இடம் வேண்டுமென்பதால் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுங்கள். வளைந்த ஆறு நெளிதகடுகளைப் பக்கத்துக்கு மூன்றாக நிறுத்தி, உச்சியில் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். எல்லாத் தகடும் சரியாக உட்கார்ந்த பிறகே நட்டுகளை முழுதாக இறுக்குங்கள். முன்பே இறுக்கினால் அடுத்த தகட்டின் துளைகள் நேர்படாது.

கூரைமேல் குறைந்தது 15 அங்குலம் மண் போட வேண்டும். பலர் இதில்தான் சோம்பல்படுகிறார்கள். சிதறும் குண்டுத் துண்டுகளைத் தடுப்பது மெல்லிய தகடு அல்ல, அந்த மண்தான். மழையில் சரிந்தால் உடனே மறுபடி போடுங்கள். மேலே புல் வளர்த்தால் மண் பிடித்து நிற்கும். வாசலுக்கு எதிரே மணல்மூட்டைச் சுவர் அவசியம், இல்லையென்றால் வெடியின் அழுத்தம் நேரே உள்ளே புகும்.

பெரிய தொல்லை தண்ணீர். களிமண் நிலத்தில் ஊற்று கசிந்து கணுக்கால்வரை நிற்கும். தரையின் ஒரு மூலையில் சிறு பள்ளம் தோண்டி, தினமும் வாளியால் இறைத்துவிடுங்கள். நேராக மேலே விழும் குண்டை மட்டும் இந்தப் பதுங்குகுழி தாங்காது.