லூசிஃபெரேஸ் செல் வரிசைகளில் சைட்டோகைன் சமிக்ஞையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லூசிஃபெரேஸ் ரிப்போர்ட்டர் செல் வரிசையில் (ஒரு சமிக்ஞைப் பாதை இயங்கும்போது ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியை உருவாக்குமாறு மரபணு சேர்க்கப்பட்ட செல்களில்) நாம் அளக்கும் ஒளி, நீண்ட சங்கிலியொன்றின் கடைசிக் கண்ணி. செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பச் சுரக்கும் புரதமான சைட்டோகைன் தன் ஏற்பியோடு இணைந்து, என்எஃப்-கப்பா பி அல்லது ஸ்டாட்3 போன்ற படியெடுப்புக் காரணி (மரபணுவை இயக்கும் புரதம்) உட்கருவுக்குள் சென்று, ரிப்போர்ட்டர் மரபணு படியெடுக்கப்பட்டு, உருவான நொதி லூசிஃபெரினையும் ஏடிபியையும் பயன்படுத்திய பிறகே அந்த ஒளி பிறக்கிறது. இவற்றுள் எந்தக் கட்டம் மாறினாலும் கருவி காட்டும் எண் மாறிவிடும்.

சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் சேர்மங்களைத் தேடும்போது, ஒளி குறைந்தவுடன் பாதை அடைபட்டதாக முடிவு கட்டுவதே மிகப் பரவலான தவறு. அந்தச் சேர்மம் செல்களைக் கொன்றிருக்கலாம், புரத உற்பத்தியை முழுவதுமாக முடக்கியிருக்கலாம், அல்லது ரெஸ்வெரட்ரால் செய்வதுபோல் மின்மினி லூசிஃபெரேஸையே நேரடியாகத் தடுத்திருக்கலாம். எதிர்த்திசை விளைவு இதைவிட அபாயமானது: நொதியோடு பிணையும் சில தடுப்பான்கள் செல்லுக்குள் அது சிதையாமல் காப்பதால், ஒளி குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுகிறது. பிடிசி124 என்னும் சேர்மம் மின்மினி லூசிஃபெரேஸ் சோதனையில் காட்டிய ஏற்றத்தை 2009-இல் வெளியான ஆய்வு இவ்வாறே விளக்கியது. ஆகவே, சைட்டோகைனைச் சாராமல் எப்போதும் இயங்கும் புரமோட்டர் (மரபணுவின் படியெடுப்பைத் தொடங்கும் டிஎன்ஏ பகுதி) கொண்ட செல் வரிசையிலும், தூய நொதியிலும் அதே சேர்மத்தைச் சோதிக்காமல் எந்த முடிவையும் நம்பக் கூடாது. செல்களின் உயிர்ப்பை ஏடிபி ஒளிச் சோதனையால் சரிபார்ப்பதும் இங்கே உதவாது; பெரும்பாலும் அதுவும் மின்மினி லூசிஃபெரேஸை நம்பியே இயங்குகிறது. ரெசாசுரின் சாயம் போன்ற வேறு முறையே தக்கது.

ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படும் இரண்டாவது நொதியான ரெனில்லா லூசிஃபெரேஸும் நடுநிலையானது என்று கருதிவிட முடியாது. அதை இயக்கச் சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்) புரமோட்டரைப் பயன்படுத்தினால், அதில் என்எஃப்-கப்பா பி பிணையும் இடங்கள் உள்ளதால், டிஎன்எஃப் என்னும் சைட்டோகைனைக் கொடுக்கும்போது ஒப்பீட்டு அளவும் உயர்ந்து, இரு ஒளிகளின் விகிதத்தில் உண்மையான தூண்டல் கரைந்துபோகும்.

நேரத் தேர்வில் நேரும் பிழைகளுக்குப் போதிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. டிஎன்எஃப் கொடுத்த அரை மணி நேரத்திற்குள் என்எஃப்-கப்பா பி உட்கருவை அடைந்துவிடும். பிறகு புதிதாக உருவாகும் ஐகப்பாபி-ஆல்ஃபா என்னும் தடுப்புப் புரதம் அதை வெளியேற்றும். மின்மினி லூசிஃபெரேஸின் அரைவாழ்வு பாலூட்டிச் செல்களில் ஏறக்குறைய 3 மணி நேரம் என்பதால், பாதை அணைந்த பின்னும் ஒளி நீடிக்கிறது. 24 மணி நேரம் கழித்து எடுக்கும் ஒற்றை அளவில், முதல் தூண்டலோடு, செல்கள் சுரந்த பிற சைட்டோகைன்களின் விளைவும் கலந்திருக்கும். பல நேரப்புள்ளிகளில் அளப்பது அவசியம். இறங்குமுகத்தைக் காண, விரைவில் சிதையும்படி பெஸ்ட் என்னும் அமினோ அமிலத் தொடர் இணைத்த நொதி பொருத்தமானது.

செல் வளர்ப்பு ஊடகமும் தன் பங்குக்குக் குழப்பும். சீரத்திலுள்ள டிஜிஎஃப்-பீட்டா என்னும் சைட்டோகைன், தன் பாதையிலுள்ள ஸ்மாட் புரதங்களைக் கண்டறியும் ரிப்போர்ட்டரின் அடிப்படை ஒளியை உயர்த்திவிடும். ஈ.கோலையில் தயாரித்த சைட்டோகைனோடு வரும் எண்டோடாக்சின் என்னும் பாக்டீரிய நச்சு, டிஎச்பி-1 என்னும் மனித மோனோசைட் செல்களில் என்எஃப்-கப்பா பியைத் தானே தூண்டும். சைட்டோகைனைக் கொதிக்கவைத்தும் ஒளி குறையவில்லையெனில், வெப்பத்தைத் தாங்கும் எண்டோடாக்சினைச் சந்தேகிக்க வேண்டும். செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையையும், வளர்ப்புத் தலைமுறை எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதையும் தவறவிடலாகாது.

ஸ்டாட்3 ரிப்போர்ட்டர் ஒளிர்ந்தால் மாதிரியில் இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைன் இருப்பதாக எழுதுவதும் தவறு. ஆன்கோஸ்டாட்டின் எம் என்னும் வேறொரு சைட்டோகைனும் அதே ரிப்போர்ட்டரை இயக்க வல்லது. இன்டர்லூக்கின்-6-ஐ நடுநிலையாக்கும் எதிர்ப்பொருளால் ஒளி அடங்குகிறதா என்று பார்த்து, மாற்றம் செய்யப்படாத செல்களில் ஸ்டாட்3-இன் 705-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறுவதையும் ஸ்டாட்3 தூண்டும் சாக்ஸ்3 மரபணுவின் வெளிப்பாடு உயர்வதையும் தனியே அளந்த பின்னரே அம்முடிவை எழுத வேண்டும்.