அப்பா வீட்டுக்கு வர ராத்திரி ஒரு மணி ஆகும்

ஒரு திரைக்கதை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது சாப்பாட்டுக் காட்சியைத்தான். கிழக்கு லண்டன், வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பம், மாலை ஏழு மணி. அப்பா நடுநாயகமாக உட்கார்ந்து மகளை முறைக்கிறார். அம்மா குனிந்த தலை நிமிராமல் சோறு போடுகிறார். மகன் போனை நோண்டுகிறான். இங்கே சுயாதீனப் படங்களுக்குப் பூம் மைக் பிடிக்கப் போகும் எனக்கு இதே காட்சி நான்கு திரைக்கதைகளில் வந்துவிட்டது. நான்கிலும் அப்பாவுக்கு ரெஸ்டாரண்டில்தான் வேலை.

ரெஸ்டாரண்ட்காரர் ஏழு மணிக்கு வீட்டில் எப்படி இருப்பார்? பிரிட்டனில் 'இந்தியன் ரெஸ்டாரண்ட்' என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது வங்கதேசத்தவர்கள், அவர்களிலும் அதிகம் சில்ஹெட்டிகள். சாயங்காலம் கடை திறந்தால் பாத்திரம் கழுவி முடிக்க நள்ளிரவு தாண்டும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா தூங்குகிறார். அவர்கள் திரும்பும்போது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். மகளோடு சண்டை போட வேண்டுமென்றால்கூட வார லீவு வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுப்பு மேல் மூடி வைத்த தட்டும், ராத்திரி ஒரு மணிக்குச் சாவி திரும்பும் சத்தமும் போதும், குடும்பம் புரிந்துவிடும். முறைக்கும் அப்பாவை எல்லாரும் எடுத்தாகிவிட்டது.

இந்தப் படங்களில் நான் பார்க்கும் தவறுகளில் பாதி இப்படிக் கடிகாரத்தைப் பார்க்காததால் வருபவை. நோன்பு திறக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு, அதனால் ரமலான் வருடாவருடம் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். 1999 டிசம்பரில் லண்டனில் சூரியன் மறைந்தது மாலை நான்குக்கும் முன்னால். பள்ளி விட்டு ஓடிவந்த பிள்ளை சாக்ஸைக் கழற்றுவதற்குள் நோன்பு திறந்தாகிவிடும். 2016 ஜூனிலோ இரவு ஒன்பது இருபது வரை காத்திருக்க வேண்டும். அது ரெஸ்டாரண்டில் கூட்டம் நெரியும் நேரம். ஒரு கையில் ஆர்டர் சீட்டு, இன்னொரு கையில் பேரீச்சம்பழம் என்று சமையலறை மூலையில் நின்றபடியே அப்பா நோன்பு திறப்பார். கதை எந்த வருடம் என்று முடிவு செய்யாமல் 'இஃப்தார், மாலை' என்று எழுதிவைத்தால் இந்த இரண்டு காட்சிகளும் கைநழுவிப் போய்விடும்.

பெருநாளும் அப்படித்தான். ஒரு பள்ளிவாசல் சவூதி அறிவிப்பைப் பின்பற்றும், இன்னொன்று வேறு கணக்கில் பிறை பார்க்கும். ஒரே தெருவில் எதிர்வீட்டில் இன்று பெருநாள், இந்த வீட்டில் இன்னும் நோன்பு. ஒரே வீட்டுக்குள்ளும் இது நடப்பதுண்டு. இத்தனை நல்ல நகைச்சுவை கையில் இருக்க, திரைக்கதைகளில் ஏனோ எல்லாரும் ஒரே நாளில் ஒற்றுமையாகக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

தொழுகைக் காட்சியில் நானே வழுக்கியிருக்கிறேன். எங்கள் கீழக்கரைப் பக்கம் ஷாஃபி என்ற சட்ட மரபின் வழக்கம். ருகூஉக்குக் குனியும் முன் கைகளை உயர்த்துவோம், 'ஆமீன்' சத்தமாகச் சொல்லுவோம். சில்ஹெட்டிகள் ஹனஃபி என்ற வேறு மரபினர், இரண்டும் அவர்களிடம் கிடையாது. நடிகருக்கு நான் எங்கள் ஊர் முறையைக் காட்டிக்கொடுக்க, வீட்டுக்காரப் பெரியவர்தான் பதறிப்போய்த் திருத்தினார். இன்னொரு தவறு அடிக்கடி வரும்: ஜன்னலில் பளீர் வெயில், அப்பா நண்பகல் தொழுகையான லுஹர் தொழுகிறார், ஒலிப்பதிவில் கணீரென்று குர்ஆன் ஓதல். லுஹரிலும் பிற்பகல் அஸரிலும் ஓதுவது வாய்க்குள்தான். விடியற்காலை சுபுஹு, அந்தி மஃரிப், இரவு இஷாவில்தான் சத்தமாக ஓதுவார்கள். எடிட்டிங்கில் 'அழகாக இருக்கிறது' என்று நெற்றி தரையில் படும் ஸஜ்தாவை ருகூஉக்கு முன்னால் ஒட்டிவிடுவதும் நடக்கிறது. தொழுகிற பார்வையாளர் அந்த நொடியே படத்திலிருந்து வெளியே வந்துவிடுவார்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு விஷயம் ஒலிப்பதிவுக்காரனுக்கு நேரடியாகத் தலைவலி. லண்டன் கூரைகளைக் காட்டி அதன்மேல் பாங்கொலியை ஓடவிடாத இயக்குநர் அரிது. வைட்சேப்பலில் இருக்கும் கிழக்கு லண்டன் பள்ளிவாசல் வெளியே ஒலிபெருக்கி வைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் பெரும்பாலான பள்ளிவாசல்களில் பாங்கு சுவருக்குள்ளேயே நின்றுவிடும். வீட்டுக்குள் அது வருவது சின்ன ரேடியோப் பெட்டி வழியாக. பள்ளிவாசலிலிருந்து வரும் அலைவரிசையை அந்தப் பெட்டி பிடித்துத் தரும். இப்போது போன் செயலியும் வந்துவிட்டது. குக்கர் விசிலுக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவே கரகரவென்று வரும் அந்தப் பாங்கு, கூரைமேல் மிதக்கும் பாங்கைவிட நூறு மடங்கு உண்மை.

அப்புறம் ஹிஜாப். வீட்டுக்குள் கணவன் பிள்ளைகள் முன்னால் பெண்கள் தலையை மூட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நடிகை நிஜத்தில் ஹிஜாப் அணிபவராக இருந்தால் கேமரா முன் கழற்ற மாட்டார், கழற்றச் சொல்வதும் முறையல்ல. விளைவு, படுக்கையில் ஊசி குத்திய ஹிஜாபோடு தூங்கும் அம்மா. தியேட்டரில் முஸ்லிம் பெண்கள் சிரிப்பது அங்கேதான். நடிகரைத் தேர்ந்தெடுத்த அன்றே இதைப் பேசிவிட்டுக் காட்சியை மாற்றி எழுதுங்கள்: வாசலில் யாரோ வந்து நிற்கட்டும், அல்லது தொழுதுவிட்டு இப்போதுதான் எழுந்திருக்கட்டும். கணவனாக நடிப்பவர் கையைத் தொடலாமா என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக: உருது பேசத் தெரிந்தவர் சில்ஹெட்டி ஆகிவிட மாட்டார். சில்ஹெட்டிகள் வாயில் 'சாச்சா' என்ற சித்தப்பா 'ஸாஸா' ஆவார், 'பானி' என்ற தண்ணீர் 'ஃபானி' ஆகும். பாட்டி வேடத்துக்காவது சில்ஹெட்டிக்காரரைத் தேடுங்கள்.

நடிகர் ரிஸ் அகமது 2017-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற வளாகத்தில் பேசியதையொட்டி மறு வருடம் 'ரிஸ் டெஸ்ட்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். முஸ்லிம் பாத்திரம் தீவிரவாதத்தைப் பற்றிப் பேசுவதோ, அதற்குப் பலியாவதோ, அதைச் செய்வதோதானா, காரணமில்லாமல் கோபப்படுகிறதா, மூடநம்பிக்கையில் ஊறியதா, மேற்கத்திய வாழ்க்கைக்கு மிரட்டலா, ஆண் என்றால் பெண்களை மட்டம் தட்டுபவனா, பெண் என்றால் ஒடுக்கப்பட்டவளா என்று ஐந்து கேள்விகள். சரி, நல்ல சல்லடைதான். ஆனால் இதில் தேறுவதற்காகவே எழுதினால் யாரிடமும் கடன் வாங்காத, பொய் சொல்லாத, பொறாமைப்படாத ஒரு குடும்பம் கிடைக்கும். அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. மாமியார் மேல் எரிச்சல்படவும் மருமகளுக்கு உரிமை வேண்டும்.

குழந்தை நடிகருக்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வாங்க மறந்துவிடாதீர்கள். குர்ஆன் ஓதும் பிரபல காரி ஒருவரின் ஓதலை நெட்டிலிருந்து எடுத்துப் போடவும் வேண்டாம். குர்ஆனுக்குக் காப்புரிமை இல்லை, அந்த ஒலிப்பதிவுக்கு இருக்கலாம். கலைப்பிரிவு ஆட்கள் குர்ஆனைத் தரையில் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்துவிடுங்கள்.

கடைசியாக, நிஜ வீட்டில் படம் எடுத்தால் ஃப்ரீஸரின் இரைச்சலுக்காக அதை அணைப்போம். ஒருமுறை ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம், ஃப்ரீஸர் நிறையப் பெருநாளுக்குப் பலி கொடுத்த குர்பானி இறைச்சி. அணைத்தது நான். திரும்பப் போட மறந்ததும் நான். மறுநாள் காலை அந்த வீட்டுப் பாட்டி கத்தவில்லை, எங்கள் பதினோரு பேருக்கும் அந்த இறைச்சியைச் சமைத்துப் போட்டார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எந்த வீட்டில் ஃப்ரீஸரை அணைத்தாலும் என் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுகிறேன்.